ஊசிக்குக் கேட்ட தட்டல்

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவள்தான், ஆனால் செத்தவர்கள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அங்கிருந்து நம் வீட்டுக்கு வந்துபோக அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவள். அப்படிப்பட்ட நானே இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பரவாயில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

எண்பதுகளின் ஆரம்பம், சிங்கப்பூர். என் கணவர் அருள் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வார இறுதியில் கல்யாணம், பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் பாட்டுப் போடப் போவார். இப்போது மாதிரி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தால் முடிகிற வேலை இல்லை அது. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் தேடித்தேடி வாங்கிய ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேசட்டில் பதிய வேண்டும், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது எடுக்கும்போது ஆடுகிறவர்களின் கால் தடுமாறாதபடி வேகம் பார்த்துச் சேர்க்க வேண்டும். கிளமெண்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ரெக்கார்ட் பிளேயர் இருந்த மர மேசையில் மோதிரம் போட்ட விரலால் தட்டித்தட்டித்தான் அவர் வேகம் பார்ப்பார். ஆனால் பதிவு ஓடும்போது மட்டும் மூச்சுக்கூட விட மாட்டார். ஒரு தடவை தெரியாமல் காப்பி டம்ளரை அந்த மேசையில் வைத்துவிட்டேன்.

“ஊசி கீழ இருக்கறப்ப மேசையத் தொடாத ரெஜி. ஊசிக்கு எல்லாமே கேக்கும் லா,” என்றார்.

கேசட்டைப் போட்டும் காட்டினார். பாட்டுக்கு நடுவில் ‘டொக்’ என்று என் டம்ளர்.

அவருக்கு ஒரே தங்கை, ஸ்டெல்லா. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்து ஆளாக்கியது அருள்தான். அவளுடைய கல்யாண விருந்துக்கென்று ஒரு கேசட் செய்ய ஆரம்பித்து ஒரு பக்கம் முடித்திருந்தார். அப்போதுதான் ஒரு நாள், வேலை இடத்தில் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. காலையில் நான் கட்டிக்கொடுத்த சோறு பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதை என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி நாள் குறித்தபோது மாமியார் பாட்டே வேண்டாம் என்றார். ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தாள்.

“அண்ணி, அண்ணன் செஞ்ச கேசட்டத்தான் போடணும். மீதிய நீங்க முடிச்சுக் குடுங்க.”

“எனக்கு வராதும்மா.”

“நீங்கதானே பக்கத்துல உக்காந்து பாத்திருக்கீங்க. வந்த வரைக்கும் செய்ங்க, போதும்.”

ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் பெண்ணும் அப்பாவும் ஒரு மெதுவான பாட்டுக்குச் சேர்ந்து ஆடுவார்கள், ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று கால் வைக்கிற ஆட்டம். ஸ்டெல்லாவோடு ஆட வேண்டியது அருள். அதற்கென்றே ஒரு ஆங்கில ரெக்கார்டும் வாங்கி வைத்திருந்தார், வீட்டில் அந்த மாதிரித் தாளத்தில் இருந்தது அது ஒன்றுதான். ஆட ஆளில்லாத பாட்டு எதற்கு என்று அதை ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் பதிந்துகொண்டு வந்தேன்.

ஒரு பாட்டு முடிகிற நேரம் குக்கர் விசில் அடித்தது, அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், ஊசி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது, கேசட்டும் பதிந்துகொண்டே இருந்தது. நிறுத்தி, கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பாட்டு முடிந்தது. வெறும் இரைச்சல். அப்புறம் தட்டல்.

அழுத்தி ஒன்று, மெல்ல இரண்டு. அழுத்தி ஒன்று, மெல்ல இரண்டு. மரத்தில் மோதிரம் படுகிற சத்தம்.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை, கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, மைக் எதுவும் கிடையாது, பிளேயரிலிருந்து நேராக வயர். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“போனதுக்கப்புறமும் என்கிட்ட வேல சொல்றீங்களா,” என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டேன்.

பிறகு எழுந்து போய் ஒதுக்கி வைத்த ரெக்கார்டை எடுத்தேன். தட்டலை அழிக்க மனம் வரவில்லை, அது முடிகிற இடத்திலிருந்தே பாட்டைப் பதிந்தேன். பதிந்த பாட்டு வேகம் பிசகாமல் அந்தத் தட்டலோடு போய் ஒட்டிக்கொண்டது. பாட்டு முடிந்த பிறகும் எதையும் நிறுத்தாமல் அந்த மேசையிலேயே தலையைச் சாய்த்து அழுதேன். கேசட் தானாக ஓடி முடிந்து பொத்தான் மேலே எழும்பும்வரை அழுதேன்.

கோவில் மண்டபத்தில் விருந்து. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அந்தத் தட்டல் வந்ததும் மாமியார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை எழுந்து வரப் பார்த்தார், ஸ்டெல்லா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தனியாக நடுவில் போய் நின்றாள். அருள் நல்ல உயரம். அந்த உயரத்துக்கு, தோளில் வைப்பது போல ஒரு கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கால் பிசகாமல் முழுப் பாட்டுக்கும் ஆடினாள். அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் ஒருவரும் ஸ்பூனைக்கூட எடுக்கவில்லை.

மாமியார் என் பக்கம் குனிந்து, “இது அவன் தட்டுறதுதான். எப்ப பதிஞ்சது?” என்றார்.

“முன்னாடியே பதிஞ்சு வச்சிருந்தாரு அத்தை,” என்றேன். வேறு என்ன சொல்ல?

இதோடு முடிந்திருந்தால் நானே ஏதாவது காரணம் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். சில மாதம் கழித்து, தனியாக இருந்த ஒரு சாயங்காலம், அந்தக் கேசட்டை முதன்முறையாகக் கடைசிவரை ஓடவிட்டேன். ஸ்டெல்லா ஆடிய அந்தப் பாட்டு முடிந்தது. கொஞ்ச நேரம் இரைச்சல். மறுபடியும் தட்டல் ஆரம்பித்தது, ஆனால் இது வேறு தாளம்.

யோசித்துப் பாருங்கள், அது பதிவான நேரத்தில் என் தலை அந்த மேசைமேல்தான் இருந்தது. காதை மரத்தில் வைத்துப் படுத்திருந்தவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு அதிர்வுகூடத் தெரியவில்லை. ஊசிக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

இந்தத் தட்டல் எந்தப் பாட்டுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்த ரெக்கார்டு முழுவதையும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒத்துவரவில்லை. இத்தனை வருஷத்தில் கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்த பாட்டுக்கெல்லாம் விரலால் தட்டிப் பார்த்துவிட்டேன். அது மெதுவாக, அவசரமே இல்லாமல், யாரோ வரட்டும் என்று காத்திருப்பதுபோலத் தட்டிக்கொண்டே போகிறது. கேசட் தீர்ந்துவிடுவதால்தான் சத்தம் நிற்கிறது. அவர் தட்டுவதை நிறுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.