காது மிஸ் கேட்ட தட்டல்

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அந்த நோய்க்காலத்தில் உள்ளே வர அனுமதி இருந்தது இரண்டு பேருக்குத்தான். பிள்ளைகளின் மனநல ஆலோசகரான அவருக்கு. புத்தகம் எடுக்க ஆளில்லாமல் நூலகத்தில் சும்மா இருந்த எனக்கு. வீடு வீடாகப் போன் செய்து ஒருவர் பேச, இன்னொருவர் கூட இருந்து குறிப்பெடுக்க வேண்டும் என்பது விதி. குறிப்பெடுத்தது நான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'காது மிஸ்'. அறிவுரை சொல்லமாட்டார், கேட்பார். "வீட்ல ஊமை, பள்ளிக்கூடத்துல காதா?" என்று கணவர் கேலி செய்வாராம். "ரெண்டு இடத்துலயும் வாயை மூடிட்டுத்தானே இருக்கேன், இவருக்கு என்ன குறை?" என்பார், டீயில் ஊறி விழுந்துவிட்ட பிஸ்கட்டைக் கரண்டியால் துழாவியபடி.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் பிள்ளையை அழைக்கிறாரோ அந்தப் பிள்ளையின் பெஞ்சில் போய் உட்கார்ந்துதான் பேசுவார். "என் மேசையில இருந்து பேசினா நான் மிஸ் ஆயிடுறேன் தம்பி." வகுப்புகளெங்கும் தூசி. கரும்பலகையில் கடைசி நாளின் பாதிக் கணக்கு. அவர் எழுந்துபோன இடங்களில் மட்டும் தூசி கலைந்திருக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவராக யாருக்கும் தெரியாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல. ஜன்னல் சாத்தப் போனால் அந்த பெஞ்சுகள் பக்கம் பார்க்காமலே திரும்பிவிடுவேன்.

அன்று ஜன்னலோரக் கடைசி பெஞ்ச். பொதுத்தேர்வு எழுதவேண்டிய ஒரு பெண்ணுடையது. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோய், அங்கிருந்தே அடக்கமும் முடிந்துவிட்டது. அம்மா எங்களிடம் கெஞ்சியிருந்தார்: "அவகிட்ட இன்னும் சொல்லலைங்க. பரீட்சை முடியட்டும். தூங்கவே மாட்டேங்கிறா, கொஞ்சம் பேசுங்க."

"நானா சொல்லமாட்டேன். அவ கேட்டா பொய் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார் காது மிஸ்.

ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் ரொம்பத் தெளிவாக வந்தது.

"அப்பா வந்துட்டாங்க மிஸ். நான் தூங்கும்போது கூட்டிட்டு வந்துட்டாங்களாம். பின்னறையில தனியா இருக்காங்க, பேச முடியாதாம். கதவைத் தட்டுவாங்க. ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி தனியா இருந்தப்பவும் அப்படித்தான். ரெண்டு தடவை தட்டினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஒரு தடவைன்னா ஏதோ வேணும்."

என் பேனா நின்றுவிட்டது.

"கேட்கிறீங்களா?" நடக்கும் சத்தம். "அப்பா, எங்க மிஸ் லைன்ல இருக்காங்க."

டொக். டொக்.

காலி வகுப்பில் அது எங்கள் கதவையே தட்டியதுபோல் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். காது மிஸ் கண்ணை மூடியிருந்தார். "அம்மா எங்கம்மா?"

"மாடியில துணி காயப்போடுறாங்க." குரல் சட்டென்று இறங்கியது. "அப்பா தட்டும்போதெல்லாம் அம்மா மாடியிலதான் இருக்காங்க மிஸ்."

பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறியிருந்த பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தார் காது மிஸ்.

"அப்பா விரல் முட்டியால தட்டுவாங்க. மந்தமா கேட்கும். இது மோதிரம் இடிக்கிற சத்தம். பின்னறைக்கு வெளியில இருந்து இன்னொரு வாசல் இருக்கு." மூச்சு மட்டும் வந்தது. "எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா அம்மா அந்த ரூம்ல என்ன பண்ணுவாங்க? அதான் முழிச்சே இருக்கேன். அவங்க தட்டும்போது நான் தூங்கிட்டா பாவம் இல்ல? அப்பா இல்லைதானே மிஸ்?"

"இல்லடா கண்ணு."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"அம்மா."

"அதைச் சொல்லத்தான் உங்க வீட்ல ஒரு வழி இருக்கே."

ஒரே ஒரு தட்டல். இந்த முறை கதவின் இந்தப் பக்கத்திலிருந்து, அவள் தட்டியது. அப்புறம் எதுவுமே இல்லை. அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கி நிற்கும் நிசப்தம்தான்.

பிறகு தாழ்ப்பாள் இழுபட்டது. போன் கீழே விழுந்தது.

பிள்ளைகள் வைக்கும் முன்பு அவர் போனை வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்று வைத்தார்.

"இது நம்ம காதுக்கு இல்ல, தம்பி" என்று எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.