நான்கு வரிச் சான்று

ஹாலிலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. எழுத்துக் கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார்.

"'தன்னுடைய தொழில் வட்டத்தில் சேர உங்களை அழைக்கிறார்.' கேட்டியாடா தம்பி? நம்ம வீட்டுப் பொண்ணு என்னையே அழைக்குது!"

சமையலறையில் டிசைன் அக்கா பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

அச்சகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அச்சகம் கணவரின் அண்ணனுடையது, அவர்தான் பெரியவர். கணவர் அங்கே காகிதம் வெட்டும் மெஷினில் நிற்கிறார். கல்யாணமாகி வந்த மறுமாதமே அவளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு வருடம்! மருந்து டப்பா, சோப்பு உறை, நோட்டு அட்டை என்று அவள் கை படாமல் ஒரு வேலையும் வெளியே போனதில்லை. ஆனால் நியமனக் கடிதம் கிடையாது, பதவிக்கு ஒரு பெயர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. "வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா லெட்டர்?" என்பார் பெரியவர். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்புதான் பூட்டு.

போன வாரம், வேலை தேடுகிறவர்களுக்கான இணையதளம் ஒன்றில் யாருக்கும் சொல்லாமல் தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கினாள். தான் வரைந்த டப்பாக்களின் படங்களைப் போட்டாள். அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றிலிருந்து அதிகாரியம்மா ஒருவர் பதில் எழுதினார். 'வியாழக்கிழமை நேர்காணலுக்கு வாருங்கள். அதற்குள் உங்கள் முதலாளியின் சான்று இந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.'

சான்றா? பெரியவரிடம் எந்த வாயால் கேட்பது? தவித்தபடியே திரையில் தெரிந்த பொத்தானையெல்லாம் அழுத்தினாள். அதில் ஒன்று, கைபேசியில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்பை அனுப்பிவிட்டது.

காபியைக் கொண்டுவந்து பெரியவர் முன்னால் வைத்தாள்.

"பல் டாக்டரையும் விட்டு வைக்கலையாமே? கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவன் எனக்கே போன் பண்ணி, 'சார், நானும் சேரலாமா?'ங்கிறான்."

கணவரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

"தெரியாம கை பட்டுடுச்சு, அத்தான்" என்றாள் பெரியவரிடம்.

"அழைப்பு தெரியாமப் போயிருக்கும். பக்கமுமா தெரியாமத் திறந்துக்கிச்சு?"

இனி மறைத்து என்ன பயன்? அட்டைப்பெட்டிக் கம்பெனி, வியாழக்கிழமை, சான்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இடி விழப்போகிறதென்று கணவர் தலை குனிந்துகொண்டார்.

இடி விழவில்லை. "இவ்வளவுதானா? கேட்டா குடுக்க மாட்டேனா?" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த அழைப்பை ஏற்று, ஒற்றை விரலால் தன் கைபேசியில் தட்டத் தொடங்கினார் பெரியவர். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். காபியில் ஆடை படர்ந்தது. கடைசியில் அவள் கைபேசியில் வந்து சேர்ந்தது அந்தச் சான்று.

'இவர் எங்கள் அச்சகத்தின் கண். பதினோரு வருடமாக எல்லா டிசைனும் இவர் செய்ததே. ஒரு தவறும் வந்ததில்லை. எங்கள் வீட்டு மருமகளான இவர் எக்காலத்திலும் எங்களை விட்டுப் போக மாட்டார் என்று உறுதி கூறுகிறேன்.'

முதல் மூன்று வரிகளில் அவள் கண்கள் நிறைந்தன. இந்த மூன்று வரிக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள்! நான்காவது வரியை இரண்டு முறை படித்தாள்.

கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. 'பக்கத்தில் சேர்.' 'மறுத்துவிடு.'

"அமுக்கும்மா. எப்படி வருதுன்னு நானும் பாக்குறேன்."

சேர்த்தால் அந்த வரியைப் படித்துவிட்டு யார் வேலை கொடுப்பார்கள்? மறுத்தால் அவள் வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள்.

"அத்தான்... கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்களேன்."

"அந்த ஒரு வரிக்காகத்தானே மத்த மூணையும் எழுதினேன்?"

குரலில் கோபமே இல்லை. கோபமிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாமே!

கணவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. நான் செஞ்ச வேலை உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். மெஷின்காரன் சொன்னா எவன் எடுத்துப்பான்?" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவள் விரல் இறங்கியது. மறுத்துவிடு. நான்கு வரிகளும் மறைந்தன. கூடவே பதினோரு வருடமும்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு, அத்தான்."

"அப்ப வியாழக்கிழமை?"

"போவேன்."

"போய் எதைக் காட்டுவே?"

அவள் ஆடை படர்ந்த காபியை எடுத்தாள். பெரியவர் எழுந்தார். "வெள்ளிக்கிழமை மருந்து டப்பா டெலிவரி இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு நீ மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வாடா. பேசணும்."

படியிறங்கிப் போனார். கணவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அவள்தான் போய்க் கதவைச் சாத்தினாள்.