மூட்டைப்பூச்சியின் எச்சில்

அக்காவின் இடது முன்கையில் ஒரு கண்ணாடிக் குழாய் கவிழ்ந்திருந்தது. அதன் வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே இருந்த மூட்டைப்பூச்சிகள் துணி வழியாக அவள் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தன. தட்டையாக இருந்தவை என் கண் முன்னாலேயே உப்பிக் கறுத்தன. அறுபதுகளில் பம்பாயில், பரேல் பக்கம் பூச்சிகளை வளர்த்து ஆராயும் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை; அவற்றுக்குத் தீனியும் அவள் ரத்தம்தான். வீட்டுச் சாவி வாங்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"கடிக்கறச்சே முதல்ல எச்சிலைத்தான் உள்ளே விடும். இல்லேன்னா ரத்தம் உறைஞ்சு அதோட வாய் அடைச்சுண்டுடும்" என்றாள், ரசத்துக்குப் பக்குவம் சொல்கிற குரலில்.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் தம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடிக்க முடியாது. அந்த வீட்டில், பூச்சியின் எச்சிலை உடம்பில் ஏற்றிக்கொண்டு வருகிறவள் பக்கத்தில் நான் படுக்க வேண்டியிருந்தது. மூட்டைப்பூச்சியை நசுக்கினால் எழும் அந்த நாற்றம் அவள் புடவையில் வீசுவதாகவே எனக்குப் படும்.

பெண் பார்க்க வந்த அன்று, காபி நீட்டிய கையில் வரிசையாகச் சிவந்த தடிப்புகள். தோல் வியாதியா என்று பிள்ளையின் அம்மா கேட்டாள். அக்கா உள்ளதைச் சொன்னாள். மாமி தம்ளரைக் கீழே வைத்தாள், அப்புறம் தொடவில்லை. அவர்கள் போனதும் அப்பா, "வேலையை விட்டுடு" என்றார். "மாட்டேன்ப்பா" என்றாள் அக்கா.

பிள்ளை ரயில்வேயில் குமாஸ்தா. அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். அக்கா ஒரு பூச்சியின் தலையைக் கிள்ளி, ஊசியால் எச்சில் சுரப்பியை எடுத்து, உப்புநீரில் நசுக்கினாள். தன் விரலைக் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் விட்டாள். ஒன்றில் மட்டும் அந்த நீரைக் கலந்தாள். கொஞ்ச நேரத்தில் வெறும் ரத்தம் கெட்டியாகி, ஊசியோடு நூலாக இழுபட்டது. எச்சில் கலந்தது தண்ணியாகவே கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். உடனே ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அம்மாவுக்கு அந்தத் தடிப்புகளைத்தான் தாங்க முடியலை. முகூர்த்தம் வரைக்கும் என் கையில குடிக்கட்டும். உங்க கை ஆறிடும்" என்றார்.

அக்கா ஊசியைத் துடைத்து வைத்தாள். பிறகு, "அரிக்கும்" என்றாள்.

"பரவாயில்லை" என்றார்.

மணவறையில் அக்காவின் கைகள் மருதாணியோடு பளிச்சென்று இருந்தன. அவற்றைப் பிடித்த அவர் கையில் சிவப்பாகத் தடிப்புகள். அக்கா அவற்றைப் பார்த்துத் தலைகுனிந்து சிரித்தாள். நான் என் கைகளைத் தாவணியில் துடைத்துக்கொண்டேன்.

இப்போது இருவருமே இல்லை. அவர்களைப் போல் ஒத்துப்போன தம்பதியை நான் பார்த்ததில்லை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வருகிறேன்.