நவம்பரில் வைத்த கிறிஸ்மஸ் மரம்

1. முன்கண்ணாடி

தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே நான் கடைக்குப் போய்விட்டேன். யாழ்ப்பாணம் பெரியகடையில் எங்கள் கடை பாதி புடவை, பாதி பான்சிச் சாமான். வாசலோடு இருந்த பெரிய சோகேசில் தொங்கிய தீபாவளிச் சேலைகளை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த பிளாஸ்ரிக் கிறிஸ்மஸ் மரத்தைப் பூட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நிறத்தில் லேபல் ஒட்டியிருந்தது. எந்த நிறம் அடியில், எந்த நிறம் நுனியில் என்று இங்கிலிஷில் அச்சடித்த தாள் ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதை வாசித்துப் பூட்டக் கடையில் வேறு ஆள் இல்லை என்பதில் எனக்குப் பெருமை. பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவினேன். அடித்தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சிவப்புக் கிறேப் தாளைச் சுருக்கி வைத்தேன். நிற பல்ப் மாலைக்குச் சுவிச்சைப் போட்டபோது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்று நவம்பர் முதலாம் திகதி. தெருவில் வேறு எந்தக் கடையிலும் ஒரு நட்சத்திரம்கூடத் தொங்கவில்லை.

முதலாளி வந்து குடையை மடக்கிக்கொண்டு, மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, நேற்றுத்தானே வெடி கொளுத்தினனாங்கள்?"

"முந்திப் போட்டாத்தான் முதலாளி, சனம் முந்தி வாங்கும். கொழும்பிலை இப்ப ஒக்டோபரிலையே போடுகினமாம்."

"கொழும்பிலை மழைக்கும் ஐஸ்கிறீம் சாப்பிடுகினம்," என்றார். பிறகு குடையை மூலையில் சாத்தினார். "சரி, நீர் படிச்ச பிள்ளை. செய்யும்."

2. படித்த பிள்ளை

எனக்கு ஊர் புத்தூர். ஐயா தோட்டம் செய்பவர், புகையிலை, வெங்காயம். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். ஐயாவின் தலைமுறையில் பள்ளிக்கூடப் படி மிதித்தவர்களே இல்லை. பஸ் ஏறிப் போய்ப் புரட்டஸ்தாந்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தேன். அங்கே ஒக்டோபர் கடைசியிலேயே கரோல் பழகத் தொடங்கிவிடுவோம். பாடுகிறவர்களில் பாதிப் பேர் திருநீறு பூசிய சைவப் பிள்ளைகள். அதனால் கிறிஸ்மஸ் என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. அதுவரை மெல்லிய ரிசுத்தாளும் தென்னை ஈர்க்கும் வைத்து நட்சத்திரம் கட்டிய ஊரில், பெட்டி பெட்டியாகக் கண்ணாடி உருண்டைகளும் மினுங்கல் மாலைகளும் வந்து இறங்கின. கொழும்பு இறக்குமதிக்காரருக்கு இங்கிலிஷில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டது. முதலாளி பான்சிப் பகுதியை என்னிடம் தந்தார். எனக்கு வயது இருபத்திரண்டு.

அந்தப் பகுதியைப் பதினொரு வருஷமாகப் பார்த்து வந்தவர் பிலோமினா அக்கா. குருநகர்க் கத்தோலிக்கர். அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போதே, அவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள், கடைசிப் பெண்ணுக்கு எந்த அளவுச் சட்டை என்று சொல்லிவிடுவார். பகுதி என் கைக்கு வந்தபோது அவர் முகம் கோணவில்லை. காசு மேசை லாச்சியின் திறப்பை எடுத்து என் கையில் தந்து, "லாச்சி இறுகும் பிள்ளை, கொஞ்சம் தூக்கி இழுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

அவருடைய புருஷன் கடற்றொழிலாளி. வள்ளம் கவிழ்ந்து முந்திய வருஷம் செத்துப்போனார். அன்றிலிருந்து அக்கா கறுப்புச் சேலைதான் உடுத்துவார்.

3. கறுப்புச் சேலை

மரம் வைத்த அன்று எட்டு மணிக்குப் பிலோமினா அக்கா வந்தார். சோகேசுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மரத்தை வைப்பதற்காக நான் வாசலில் இருந்த சிறிய மேசையைத் தூக்கி ஸ்ரோருக்குள் போட்டிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் இரண்டு நாளும் அந்த மேசையில் அவர் வெள்ளை மெழுகுதிரி அடுக்கி வைப்பார். அந்தப் பெட்டிகளையும் நான் உள்ளே அனுப்பிவிட்டேன்.

"உதை இப்ப ஏன் பிள்ளை வைச்சனீங்கள்? நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்களின்ரை மாதம். கல்லறையிலை திரி கொளுத்த நாளைக்குச் சேமக்காலைக்குப் போற சனம் இண்டைக்குத் திரி வாங்க வரும்."

"எங்கடை பள்ளிக்கூடத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையே அக்கா. ஒக்டோபரிலையே பாட்டுப் பழகுவம்."

"அது மிஷன் ஆக்கள். நாங்கள் கத்தோலிக்கர்."

"எல்லாம் ஒரே யேசுதானே?"

"ஓம், யேசு ஒராள்தான்," என்று சிரித்தார். "செத்த ஆக்கள்தான் வேறை வேறை."

நான் சிரிக்கவில்லை. சிவப்பு நாடாவில் செய்த பூக்களை கடையில் நிற்கிற மற்றப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒன்றாகச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது என் ஏற்பாடு. அக்காவின் கறுப்புச் சேலைக்கு முன்னால் என் கை நின்றது.

"அக்கா, நாளையிலையிருந்து கலர்ச் சேலை உடுத்துக்கொண்டு வாங்கோவன்."

"வருஷம் முடியேல்லைப் பிள்ளை. நாலு கிழமை பொறுங்கோ. கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கட்டும். நானே எல்லாத்தையும் சோடிச்சுத் தாறன்."

"யாவாரம் நாலு கிழமை பொறுக்காது அக்கா. கறுப்போடை இந்தக் கவுண்டரிலை நிண்டா வடிவில்லை. அதுவரைக்கும் நீங்கள் ஸ்ரோரைப் பாருங்கோ. முன்னுக்கு வரவேண்டாம்."

இதை நான் கோபத்தோடு சொல்லவில்லை. விலைச்சீட்டு மாற்றச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் கவுண்டரில் இருந்த தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பதினொரு வருஷம் நின்ற இடத்திலிருந்து எடுத்துப் போக அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

4. பக்கத்து ஒழுங்கை

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வயதான ஒருவர்.

"பிலோமினா எங்கை?"

"உள்ளுக்கு வேலை ஐயா. என்ன வேணும், சொல்லுங்கோ."

"மெழுகுதிரி."

நான் புதிதாக வந்த முறுக்குத் திரிகளை எடுத்து வைத்தேன். சிவப்பும் பொன்னிறமும், அடியில் வெள்ளிப் பூ. அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார்.

"பிள்ளை, மனிசியின்ரை கல்லறைக்குக் கொண்டு போக. பேத்டேக்கு இல்லை."

அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் மரத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் கடை வெறிச்சோடிவிட்டது. ஆனால் தெருவில் சனம் இருந்தது. அந்தச் சனம் எங்கள் கடைப் பக்கத்து ஒழுங்கைக்குள் போய் வருவதைக் கண்டு நானும் போய்ப் பார்த்தேன்.

ஸ்ரோரின் பின்கதவு ஒழுங்கையில்தான் திறக்கும். கதவு வாசலில் வெறும் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் வெள்ளை மெழுகுதிரிகளை வைத்து, பிலோமினா அக்கா பேப்பரில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பில் புத்தகம் பக்கத்தில் இருந்தது. தூறலுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் குடையோடு வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

"அம்மாவுக்கு ரெண்டு. சின்னவனுக்கும் ஒண்டு வைக்கட்டோ?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"ஓம் அக்கா. உங்கடையவருக்கு?"

"கடைசியா எடுப்பம். முதல்லை நீங்கள் கொண்டு போங்கோ."

என் பல்ப் மாலைகளுக்கு முன்னால் ஒரு ஆளும் இல்லை, இங்கே வரிசை நிற்கிறது. எனக்கு முகம் சுட்டது.

"அக்கா, ஆர் உங்களை ஒழுங்கைக்குள்ளை வைச்சு விக்கச் சொன்னது?"

"முன்னுக்கு வரவேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னியள். சனம் திரும்பிப் போகுது, அதுதான்."

"கடையை இழவு வீடு மாதிரி ஆக்கிப்போட்டியள்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். ஒருவர் குடையைச் சரித்து என் முகத்தைப் பார்த்தார். பிலோமினா அக்கா கையிலிருந்த திரிகளைச் சுற்றி முடித்தார். நூல் கட்டி, அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"இந்தப் பெட்டி முடியட்டும் பிள்ளை. குடுத்துப்போட்டுப் போறன்."

எங்கள் ஊரில் ஒருவரும் விடைபெறும்போது "போறன்" என்று சொல்வதில்லை. "வாறன்" என்றுதான் சொல்வோம். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அவர் பெட்டி முடியும்வரை நின்றார். பில் புத்தகத்தையும் காசையும் ஸ்ரோருக்குள் கிடந்த சிறிய மேசையில் வைத்துவிட்டு ஒழுங்கையால் போய்விட்டார்.

5. மழை

மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள், அவர் வரமாட்டார் என்று தெரியும். அதற்கடுத்த நாளும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. என் ஏற்பாடுகளுக்கு இனிக் குறுக்கே பேச ஆளில்லை என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் மழை எங்கள் பக்கத்தில் எப்படிப் பெய்யும் என்பது தோட்டக்காரன் மகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் சிங்கப்பூர்ப் பெட்டியைத் திறந்தபோது நான் அதை நினைக்கவில்லை. இரண்டாம் கிழமை சோகேஸ் இடுக்கால் சாரல் புகுந்து, பஞ்சு ஈரம் குடித்துப் பழுத்தது. மூன்றாம் கிழமை கிறேப் தாள் சாயம் விட்டு, கீழே விரித்த வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பாக இறங்கியது. தொடக்கத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிறகு திரும்பியும் பார்க்கவில்லை. டிசம்பரில் மற்றக் கடைகள் புதிதாகச் சோடித்தபோது எங்கள் கடை பழையதாக நின்றது. குருநகர்ச் சனம் எங்கள் வாசலைத் தாண்டி மற்றக் கடைகளுக்குப் போனது. அந்த ஒழுங்கையில் நின்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

"உந்த மரத்தைப் பாத்துப் பாத்து எனக்குக் கிறிஸ்மஸ் வந்து போன மாதிரி இருக்கு," என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிலோமினாவை ஒருக்காப் போய்க் கூட்டிக்கொண்டு வாரும்."

6. குருநகர்

டிசம்பர் முதற்கிழமையில் ஒருநாள் பின்னேரம் போனேன். கடலோடு ஒட்டிய சின்ன வீடு. பிலோமினா அக்கா நீலச் சேலை உடுத்து, வாசலில் கூட்டிக்கொண்டிருந்தார். கறுப்பில்லாமல் அவரைக் கண்டதும் எனக்கு ஒருகணம் ஆள் ஆரென்று மட்டுப்படவில்லை.

"வாங்கோ பிள்ளை. மழைக்குள்ளை வந்திருக்கிறியள், இருங்கோ."

கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் நீலச் சேலையைப் பார்ப்பதைக் கண்டுகொண்டார்.

"போன கிழமை அவருக்கு வருஷப் பூசை குடுத்தம். அதோடை கறுப்பைக் கழட்டியாச்சு. அதுக்குத்தான் நாலு கிழமை கேட்டனான்."

அப்போதுதான் நான் கணக்குப் பார்த்தேன். அவர் புருஷன் செத்தது போன நவம்பர் கடைசி. வழமைபோலத் திருவருகைக் காலத்தில் சாமான்களை வெளியில் எடுத்திருந்தால், துக்கம் முடிந்த கையோடு அவர் வந்து தன் கவுண்டரில் நின்றிருப்பார். ஒருவரும் ஒன்றும் மாற்றியிருக்கத் தேவையில்லை.

எங்கள் சித்தப்பா செத்த வருஷம் நாங்கள் தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை, கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. அந்த வருஷம் யாராவது வந்து என் சின்னம்மாவைப் பட்டுச் சேலை உடுக்கச் சொல்லியிருந்தால், ஐயா அவரை வாசற்படலையோடு திருப்பி அனுப்பியிருப்பார். அதே வருஷக் கணக்கு குருநகரிலும் இருக்கும் என்று எனக்கு ஒரு புத்தகமும் சொல்லித் தரவில்லை. கேட்டிருந்தால் பிலோமினா அக்கா சொல்லியிருப்பார். கேட்காமலே அவர் பாதி சொன்னார். மீதியைச் சொல்ல நான் விடவில்லை.

"முதலாளி உங்களை வரட்டாம் அக்கா. உங்கடை கவுண்டர் அப்பிடியே இருக்காம்."

அவர் வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துச் சுவரோடு சாத்தினார்.

"முதலாளி நல்ல மனிசன். எனக்குக் கோபம் ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ. ஆனா நான் வரேல்லைப் பிள்ளை. அண்டைக்கு வரிசையிலை நிண்ட சனம்தான் அங்கை சாமான் வாங்க வரும். என்னைக் கண்டா அதுகளுக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வரும். சாமான் விக்கிற ஆளைப் பாத்துச் சனம் பாவம் பாக்கக்கூடாது. பிறகு அது யாவாரமில்லை."

கோயிலடியில் ஒரு சின்னக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஞாபகப்படுத்தினார்.

முதலாளி சொன்னதை நான் சொல்லிவிட்டேன். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. படலைவரை வாயில் நின்றது. மன்னிப்புக் கேட்டால் என் படிப்பு ஒரு படி இறங்கிவிடும் என்று அன்று நினைத்தேன் போலும்.

7. இப்போது

இன்றும் அந்தப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. திருவருகையின் முதல் ஞாயிறு முடிந்து திங்கட்கிழமைதான் எங்கள் கடையில் கிறிஸ்மஸ் பெட்டி திறபடும். மற்றக் கடைகள் இப்போது நவம்பர் பிறந்ததும் நட்சத்திரம் தொங்கவிடுகின்றன. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், "ஏன் அக்கா நாங்கள் மட்டும் பிந்திறம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். எந்தப் பண்டிகைச் சாமானையும் எடுக்க முதல் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த மாதம் வாங்க வருகிறவர்களுக்கு என்ன மாதம்? விற்க நிற்கிறவர்கள் வீட்டில் இந்த வருஷம் என்ன நடந்தது? இரண்டையும் கேட்க ஐந்து நிமிஷம் போதும்.

போன கிழமை பஸ் ஸ்ராண்டில் பிலோமினா அக்காவைக் கண்டேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. அவர்தான் முதலில் கதைத்தார்.

"பிந்தித்தான் போடுறியளாம், கேள்விப்பட்டன்."

"ஓம் அக்கா."

"நல்லது பிள்ளை."

அவருடைய பஸ் வந்தது. "வாறன்," என்று சொல்லி ஏறினார். அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அவருக்குத் தெரியாது. அப்போதும் நான் கேட்கவேண்டிய மன்னிப்பைக் கேட்கவில்லை.