பியூலா அக்கா மாற்றிய கியர் பாக்ஸ்

பழைய தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரி, அதை ஓட்டும் சிரில் அண்ணன் பிறப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்த வண்டி. போன மார்ச்சில் ஏற்றத்தில் வரும்போது கியர் பாக்ஸுக்குள் ஏதோ நொறுங்கி, அப்படியே நின்றுவிட்டது. கழற்றித் திறந்து பார்த்தால் இரண்டு பல்சக்கரங்கள் மொட்டையாகியிருந்தன. அந்தக் காலத்துச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை.

"ஒடச்சி எடைக்குப் போட்ருங்க" என்றார்கள் மெக்கானிக்குகள். அண்ணனுக்கு மனசு வரவில்லை.

அவர் மனைவி பியூலா அக்கா தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு தொழிற்சாலையில் கடைந்து வரும் இரும்புச் சாமான்களை அளந்து, சரியா தப்பா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், நைட்டிமேல் அண்ணனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டு முன்னால் இழுத்து நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில் நுழைந்தார். இன்ஜினின் பின்பக்கத்தை அட்டையில் வரைந்து, ஒவ்வொரு ஓட்டையையும் அளந்து குறித்தார்.

"இன்னா பண்றே?" என்றார் அண்ணன்.

"வேற வண்டி கியர் பாக்ஸ மாட்டப் போறேன்."

"இது ஒத்துக்காது பியூலா."

"மொதல்ல நீங்க ஒத்துக்குங்க. அது ஒத்துக்கும்."

அண்ணனுக்குப் போன வருடம்தான் முதுகில் ஆபரேஷன். வண்டி ஓட்டலாம், எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து குறை சொல்வது மட்டும் அவர் பங்கு.

பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடையில், பத்து வருடமே ஓடிய லாரியின் கியர் பாக்ஸ் கிடைத்தது. அதன் ஓட்டைகளும் இன்ஜின் ஓட்டைகளும் சேரவில்லை. நடுவில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தகட்டை அக்காவே வரைந்து கொடுத்து, வெட்டி வாங்கினார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் முனியப்பன் பளு தூக்கும் செயின் பிளாக்கை இழுக்க, மூன்றாவது ஞாயிறு கியர் பாக்ஸ் ஏறி உட்கார்ந்தது. ஆனால் அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் மாட்டவில்லை. இரண்டு விரல் அளவு நீளம் அதிகம். தகட்டின் கனத்தைக் கணக்கில் சேர்க்க அக்கா மறந்திருந்தார்.

அவர் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று அண்ணன் ஒரு குறையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் அக்கா திரும்பியபோது, வெட்டிப் பற்றவைத்த ஷாஃப்ட் வாசலில் கோணிமேல் கிடந்தது.

"யாரு எடுத்துனு போனது? உங்க முதுகு இன்னா ஆவறது?"

"தூக்குனது முனியப்பன். ஆண்டர்சன்பேட்டை லேத்து பட்டறைல நான் சும்மா ஒக்காந்துனு இருந்தேன்."

அடுத்த ஞாயிறு வண்டி கிளம்பியது. கியர் கம்பி இப்போது ஒரு சாண் பின்னால் வந்திருந்தது. அண்ணன் பழக்கத்தில் கையை முன்னால் நீட்டி வெறுங்காற்றைப் பிடித்தார். பக்கத்தில் இருந்த அக்கா அந்தக் கையை எடுத்துக் கம்பியின்மேல் வைத்தார். ரயில் ஸ்டேஷன் வரை நாலைந்து தடவை அப்படி வைக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்ததும், எங்கள் லைனில் குடத்தோடு நின்றிருந்த கங்கம்மா, "இன்னா சிரிலு, சத்தமே இல்லாம வருது? எந்த மெக்கானிக்கு?" என்று கேட்டார்.

"எங்க வூட்லயே கீறாங்க இன்ஜினியரு."

"அளவ தப்பா போட்டதயும் சொல்லுங்க" என்றார் அக்கா, பைப்பை இழுத்துக்கொண்டே.

அண்ணன் காதில் விழாததுபோல் வால்வைத் திறக்கப் போய்விட்டார். இன்றுவரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்குச் சொன்னது அக்காதான்.