பூச்சாட்டுக்கு முன் ஒரு போர் லாரி

சிறுமியாக இருந்தபோது வசந்தாமணி நான் நர்சாக இருக்கும் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவாள். தடுப்பூசிப் பெட்டியில் மிச்சமாகும் ஐஸ் துண்டை வாங்கி, உள்ளே இருக்கும் குமிழியில் எந்த ஊர்க் காற்று என்று கேட்பாள். எனக்குத் தெரியாது; தெரியாது என்றே சொன்னேன்.

படித்து, கோவாவில் கடல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். தென்துருவப் பனியைத் துளைத்து, அதில் அடைபட்ட பழங்காலக் காற்றைச் சோதித்தால் பூமி எப்படிச் சூடாகிறது என்று தெரியுமாம். அவள் அப்பா ராசப்பன் திருச்செங்கோட்டுப் பக்கம் லாரியில் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவர். "எனக்குத் தண்ணி, அவளுக்குக் காத்து. தொளை ஒண்ணுதானுங்க" என்பார்.

எண்பத்தாறு ஐப்பசியில் லீவில் வந்திருந்தவளுக்கு ஒரு செவ்வாய் மதியம் தந்தி வந்தது. துருவத்துக்குப் போகும் கப்பலில் ஒருவர் விலகிவிட்டார்; உடனே வந்தால் இடம் அவளுக்கு.

அன்று மாலைதான் மாரியம்மன் திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு. கொட்டு முழங்கிவிட்டால், நோம்பி என்னும் அந்தத் திருவிழா முடியும்வரை ஊரார் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. முன்பே எல்லை தாண்டியவர்களுக்குத் தடையில்லை.

"கொட்டுக்கு முந்தி போனாச் சந்தோசமாப் போ சாமி. பொறவு வாசப்படி தாண்ட உடமாட்டேன்" என்றாள் அவள் அம்மா பாவாயி.

பஸ் போய்விட்டது. ராசப்பனின் லாரியோ ஒரு சக்கரம் கழன்று நின்றது; மாட்டி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

தர்மகர்த்தா அருணகிரி வராமல் கொட்டு தொடங்காது. அவர் காலில் சர்க்கரைப் புண். தினமும் மாலையில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவது நான். புண்ணை அவசரமாகக் கட்டும் பழக்கம் எனக்கில்லை. அன்று அவசரம் இன்னும் கொஞ்சம் குறைவு.

"ஏனுங்க நர்சம்மா, கட்டுப் போடறீங்களா, சடை பின்னறீங்களா?" வெளியே நின்ற கொட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"துணி ஒட்டியிருக்குதுங்க. ஆட்டாதீங்க."

"ஊரே காத்திருக்குது!"

"காலு வேணுங்களா, வேண்டாமா?"

காலை நீட்டி ஆடாமல் வைத்துக்கொண்டார்.

தெருவில் லாரி உறுமியது. "போயிட்டு வாரேனுங்க நர்சம்மா!" என்று வசந்தாமணியின் குரல். இரும்புக் குழாய்கள் கடகடக்க லாரி ஊர்ந்து போனது. நான் புதுத்துணியை ஒவ்வொரு சுற்றாக நீவிவிட்டேன். எல்லையான வாய்க்கால் பாலத்திலிருந்து ராசப்பன் நீளமாக ஆரன் அடித்தார்.

"தாண்டிட்டா. இனியாச்சும் முடிச்சப் போடுங்க" என்றார் அருணகிரி மெதுவாக. "பாவாயிக்கு அந்தத் தந்தியப் படிச்சுச் சொன்னதே நாந்தானுங்க."

முடிச்சைப் போட்டேன். அவர் எழுந்து போனதும் கொட்டு முழங்கியது.