முகாமுக்கு இடம் பார்த்த மருதப்பன்

கடற்கரையை ஒட்டிய காஜா பெராங்கில் மருதப்பனுக்குத் தெரியாத வாய்க்கால் இல்லை. மழை விட்ட நாலாம் நாள் எந்த மதகுக்குக் கீழே புழு பிடிக்கும், எந்த வீட்டுக் கொல்லையில் உடைந்த பானை கிடக்கும் என்பதெல்லாம் வீட்டுக்காரர்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பதினெட்டு வயதில் முனிசிபல் சுகாதாரப் பகுதியில் கொசு மருந்து அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தான். முதுகில் எண்ணெய் டின், கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளை எனாமல் கரண்டி. தண்ணீரை மொண்டு கரண்டிக்குள் புழு நெளிகிறதா என்று பார்ப்பான். மொண்ட இடம், மொண்ட தடவை, கண்ட புழு மூன்றையும் பென்சிலால் குறித்துவைப்பான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் குறிக்காமல் வீடு திரும்பியதில்லை.

புழுவில் இரண்டு வகை உண்டு. தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்குகிற புழு கொசுவானால் கடிக்கும், அரிக்கும், அவ்வளவுதான். துரும்பு மாதிரி தண்ணீரின் மேலே கிடையாகப் படுத்திருக்கிறது பாருங்கள், அதுதான் காய்ச்சல் கொசுவின் பிள்ளை. கிளேபாங் பக்கத்துச் சதுப்புகளில் அது மர நிழலில்தான் பிடிக்கும். மரத்தை வெட்டி வெயிலைக் காட்டினால் ஓடிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பெரிய டாக்டர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வருடக்கணக்கில் தன் கண்ணாலும் பார்த்திருந்தான்.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு எண்ணெய் வரவில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை கண்ணில் படவே இல்லை. 1943ஆம் வருடம் ஜூன் மாதத்தில் முனிசிபல் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். வீட்டில் சம்பாதிக்கிற ஆண் இல்லாத நாற்பது குடும்பங்கள் திங்கட்கிழமை லாரியில் ஏற வேண்டும். அலோர் காஜாவுக்கு அப்பால் மலைப்பக்கம் முகாம் போட்டு மரவள்ளி நட வேண்டும். பட்டியலில் பதினேழாவது பெயர் பொன்னம்மா. மருதப்பனுக்கு மூன்று வயது மூத்த அக்காள். அவள் புருஷன் ராஜரத்தினத்தைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆகிறது. தகவல் எதுவும் இல்லை. ஏழு வயதில் ஒன்றும் நாலு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள் அவளுக்கு.

சனிக்கிழமை காலையில் இவாசே என்ற ஜப்பானிய அதிகாரி சுகாதாரப் பகுதிக்கு வந்து, முகாமுக்கு இடம் பார்க்கக் காய்ச்சல் கொசு தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று மலாயில் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதிகாரியோடு போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. மருதப்பன் கரண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

லாரி ஓட்டியவன் கணேசமூர்த்தி. ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓடுகிற லாரி அது. செங் ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு தரம் நின்றுவிட்டது. அலோர் காஜாவுக்கு அப்பால் நிலம் அலை அலையாக எழுந்து இறங்கியது. ஒரு குன்றின் மேல் ரப்பர், அடுத்ததில் காடு, அதற்கடுத்ததில் லாலாங் புல். சூரியன் ஏறி வரும்போது ஒரு சரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். எப்போதோ யாரோ காட்டை வெட்டிக் கொளுத்தி மலைநெல் போட்டுவிட்டு விட்டுப்போன இடம். மேலே காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓடை வெளிப்பட்டு, திறந்த சரிவில் கூழாங்கற்களின் மேல் தெளிவாக ஓடியது. லாரி நேராகத் தண்ணீர் வரைக்கும் போனது.

இவாசே இறங்கிச் சுற்றிப் பார்த்தார். முதல் தடவையாக முகம் மலர்ந்தது.

"இங்கே காய்ச்சல் வருமா?" என்று கேட்டார்.

மருதப்பன் பார்த்தான். நிழலே இல்லை. தண்ணீர் தேங்கவும் இல்லை. கிளேபாங்கில் இப்படி ஓர் இடத்தில் யாரும் கரண்டியை நனைக்கக்கூட மாட்டார்கள்.

"நல்ல இடம், துவான்" என்றான்.

அதிகாரி குறிப்புப் புத்தகத்தில் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கூட வந்த இரண்டு சிப்பாய்கள் முளை அடிக்கத் தொடங்கினார்கள். கொட்டகை எட்டு, வரிசைக்கு நாலு.

முளை அடித்து முடிந்ததும் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். மருதப்பனுக்குத் தாகம். ஓடைக் கரையில் குந்தி, புல்வேர் தண்ணீரில் தொங்குகிற ஓரத்தில் கரண்டியால் மொண்டான். குடிக்க வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். வெள்ளை எனாமலில் மூன்று துரும்பு. கிடையாகப் படுத்திருந்தன. கரண்டியை அசைத்ததும் பின்பக்கமாக நழுவி ஓடின.

கொட்டிவிட்டு மறுபடி மொண்டான். ஐந்து. பத்துத் தடவை மொண்டதில் முப்பத்தொன்று. காட்டுக்குள் ஏறி, வெயிலே படாத கறுத்த தண்ணீரில் பத்துத் தடவை மொண்டான். ஒன்றும் இல்லை. இன்னும் பத்து. ஒன்றும் இல்லை.

கடற்கரையில் கற்ற பாடம் மலையில் தலைகீழாக இருந்தது. அந்தப் பாடத்தை நம்பி, ஒரு தடவைகூட மொண்டு பார்க்காமல், நாற்பது குடும்பத்துக்கு இடம் சொல்லிவிட்டான். பதினேழாவது குடும்பம் அக்காளுடையது.

லாரியடியில் படுத்திருந்த கணேசமூர்த்தியிடம் போய்ச் சொன்னான்.

"சும்மா இருங்கண்ணே" என்றான் கணேசமூர்த்தி. "காலையில பாகுஸ், நல்ல எடமுன்னுட்டு இப்ப இல்லங்கறதா? தல தங்காது."

"எங்க அக்கா இங்கதான் வரப்போவுது."

"அக்காவுக்குத் தம்பி வேணுமா வேணாமா? அதையும் யோசிச்சுக்கங்க."

மருதப்பன் யோசிக்கத்தான் செய்தான். அக்காள் பிள்ளைகள் இரண்டும் ஒரு வருடமாக மரவள்ளியே தின்று எலும்பாக இருந்தன. இந்த ஓடைக் கரையில் அவை மூன்று மாதம் தாங்குமா என்று கணக்குப் போட்டான். பிறகு கரண்டியில் தண்ணீரை மொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதிகாரியிடம் நடந்தான்.

"துவான், நான் சொன்னது தப்பு. இது காய்ச்சல் இடம்."

இவாசே கரண்டியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். எழுந்து நின்று வாயைத் துடைத்துக்கொண்டு அறைந்தார். கரண்டி தெறித்து விழுந்தது. "பக்கேரோ" என்று திட்டி இன்னோர் அறை. இரண்டும் இடது காதில்தான் விழுந்தன. அந்தக் காது அன்றைக்குப் போனது போனதுதான்.

"காலையில் நல்ல இடம். இப்போது கெட்ட இடம். யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு? வேலையைக் கெடுக்கிறாயா?"

ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். அவன் நிதானமாக எடுத்ததுதான் மருதப்பனுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"என்னை நம்ப வேண்டாம், துவான். இந்த ஓடை கீழே ஒரு தோட்டத்து லயத்துக்குப் பக்கமாகப் போகிறது. வரும்போது புகை பார்த்தேன். அங்கே பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் ஊர் என்றால் இடது விலாவுக்குக் கீழே கட்டி இருக்கும். இல்லையென்றால் நான் பொய் சொன்னவன்."

கட்டி பார்க்கிறது அவனுக்குப் பழக்கம். வருடத்துக்கு ஒரு முறை பெரிய டாக்டர் பிள்ளைகளை நிறுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மருதப்பன். கடைசி வருடங்களில் அவனே பார்த்து எண்ணிக்கை சொல்லியிருக்கிறான்.

இவாசே கீழே மரங்களுக்கு மேல் எழுந்த புகையைப் பார்த்தார். "கட்டி இல்லையென்றால் நீ லாரியில் திரும்ப மாட்டாய்" என்றார் கடைசியில்.

லயம் ஒரு மைல் கீழே இருந்தது. பத்துக் கதவு, ஒரே கூரை. கூலிகளை மேய்க்கிற மண்டோர் அப்பாசாமி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்து, வளைந்து கும்பிட்டார்.

"இங்கே காய்ச்சல் உண்டா?" என்று கேட்டார் இவாசே.

"இல்லை, துவான். ஒருத்தருக்கும் இல்லை. எல்லாரும் நல்ல சுகம்."

மண்டோர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரியாமல் இல்லை. நோயாளி இருக்கிற லயத்துக்கு அரிசியை வெட்டுவார்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டும் போவார்கள். போனவர்கள் எங்கே என்று கேட்க முடியாது.

"அண்ணே, மறைக்காதீங்க" என்றான் தமிழில். "மேல நாப்பது குடும்பம் வரப்போவுது. பொம்பளையும் பிள்ளையுமா."

"என் லயத்துலயும் பிள்ளைங்க இருக்கு" என்றார் அப்பாசாமி, சிரித்த முகத்தை மாற்றாமல். "வந்த வழியப் பாத்துப் போயிரு, தம்பி."

சிப்பாய்கள் பிள்ளைகளை வெளியே கூப்பிட்டார்கள். பதினாலு பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றன. தாய்மார்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள். கோகிலா என்கிற ஒருத்தி மட்டும் தன் மகளை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் கொண்டுபோக மாட்டாங்க, தாயி. வயித்தத் தொட்டுட்டு விட்டுருவேன்" என்றான் மருதப்பன்.

"நீ யாருய்யா அதச் சொல்ல?"

அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குந்தி, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வரிசையில் முதல் பையனின் இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தான். மூச்சை இழுக்கச் சொன்னான். மெத்தென்று இருந்தது. கட்டி இல்லை.

"இல்லை" என்றான். பொய் சொல்ல நினைக்கவில்லை. இவாசேயின் பூட்ஸ் ஓர் அடி கிட்டே வந்தது.

இரண்டாவது பிள்ளை. விரலில் தட்டுப்பட்டது, முற்றாத மாங்காய் அளவு. மூன்றாவது. நாலாவதுக்குத் தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது. இவாசே கையுறையைக் கழற்றிவிட்டுத் தானே குனிந்தார். மருதப்பன் அவர் விரல்களைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தான். ஓர் அதிகாரியின் கையைத் தொட்டோம் என்பது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கோகிலாவின் மகளுக்கும் இருந்தது. பதினாலு பிள்ளைகளில் பன்னிரண்டு. அந்த முதல் பையன் போன மாதம்தான் ஜாசின் என்கிற வெளியூரிலிருந்து வந்தவனாம்.

இவாசே மண்டோர் பக்கம் திரும்பினார். அப்பாசாமி மறுபடியும் வளைந்து கும்பிட்டார்.

"இவருக்குத் தெரியாது, துவான்" என்றான் மருதப்பன் முந்திக்கொண்டு. "வெளியே தெரியாது. விரல் வைத்தால்தான் தெரியும்."

"உனக்குக் காலையில் ஏன் தெரியவில்லை?"

"நான் கடற்கரை ஆள். அங்கே நிழல் கொல்லும். இங்கே வெயில் கொல்லும் என்று மொண்டு பார்த்த பிறகுதான் தெரிந்தது. மொண்டு பார்க்காமல் சொன்னது என் குற்றம்."

அன்று மாலைக்குள் முளைகளைப் பிடுங்கினார்கள். சரிவிலிருந்து முக்கால் மைல், கொசு பறந்து எட்டாத தூரம் தள்ளி, காட்டை ஒட்டிய மேட்டில் மறுபடி அடித்தார்கள். லாரி ஏறாது. தண்ணீருக்குச் செங்குத்தாகப் பள்ளத்தில் இறங்கிக் காட்டு ஓடைக்குப் போக வேண்டும். இவாசேக்குப் பிடிக்கவே இல்லை. அதற்கு மேலும் மருதப்பன் ஒன்று கேட்டான். காட்டு ஓடையின் இரண்டு பக்கமும் அறுபதடிக்கு ஒரு மரமும் வெட்டக் கூடாது. வெட்டினால் அங்கும் வெயில் படும்.

"இருபதடி" என்றார் இவாசே. "நீ இங்கேயே இருந்து பார்த்துக்கொள். காய்ச்சல் வந்தாலும் மரம் போனாலும் உன் தலை."

இப்படித்தான் காஜா பெராங்கை விட்டு மருதப்பன் மலைக்குப் போனான். பட்டியலில் அவன் பெயர் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் லாரிகள் கீழே நின்றன. பொன்னம்மா தலையில் மூட்டையும் இடுப்பில் சின்னதுமாக மேடேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏண்டா, கீழ பளிங்கு மாதிரி தண்ணி ஓடுது. அத வுட்டுட்டுக் கொரங்கு ஏறுற மேட்டுலயா குடியிருக்கிறது? எந்த மகராசன் பாத்த எடம்?"

"நான்தான்."

"ஆறு பெத்த பொம்பளைங்கல்லாம் கொடத்தத் தூக்கிக்கிட்டு இந்தப் பள்ளத்துல எறங்கணுமா?"

"அறுநூத்திப் பன்னெண்டு எட்டு வைக்கணும், அக்கா. படி வெட்டிக்கிட்டு இருக்கேன்."

"அதையும் எண்ணிட்டியா" என்றாள். அப்போதுதான் வீங்கிய காதைப் பார்த்தாள். என்னவென்று கேட்பதற்குள் பள்ளத்திலிருந்து வெட்டுச் சத்தம் கேட்டது. மருதப்பன் உருண்டு விழாத குறையாக ஓடினான். அவளும் பின்னால் இறங்கினாள்.

அதே லாரிகளில் வந்த காஜா பெராங் பூங்காவனம், ஓடையின் மேல் கவிந்திருந்த மரத்தில் பாதிக் கிளையைச் சாய்த்துவிட்டாள். இருண்ட தண்ணீரில் ஒரு பாய் அளவு வெயில் விழுந்திருந்தது.

"வெட்டாதீங்க" என்று மருதப்பன் கத்தினான். அவன் இப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

"வெறகுக்கு நான் எங்க போறது? நெழலுதான் காய்ச்சலுன்னு எங்க கொல்லையில வந்து வாழைய வெட்டச் சொன்னது யாரு? நீதான? இப்ப நெழலு வேணுங்கிற. ஒனக்கென்ன பைத்தியமா?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். கடற்கரை வேறு, மலை வேறு என்றான். பூங்காவனம் கேட்கவில்லை. கத்தியை மறுபடி ஓங்கினாள். பொன்னம்மா பிள்ளையை இறக்கிவிட்டு, சேற்றில் கால் வைத்து நடந்து, மரத்துக்கும் கத்திக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அவன் சொல்றது எனக்கும் வெளங்கல" என்றாள். "ஆனா என் தம்பி எண்ணிப் பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டான். கத்தியக் கீழ போடு, பூங்காவனம்."

"எண்ணாம ஒரு தடவ சொல்லிட்டேன், அக்கா" என்றான் மருதப்பன் மெதுவாக. "சனிக்கிழமை."

"அதுக்குத்தான் காதுல வாங்குனியா?"

அவன் தலையாட்டினான். பூங்காவனம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்காளும் தம்பியும் சேர்ந்து பச்சத் தண்ணியில சோறு ஆக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தியை இடுப்பில் செருகினாள். முணுமுணுத்துக்கொண்டே மேட்டுக்கு அந்தப் பக்கம் விறகு தேடிப் போனாள். மருதப்பன் தண்ணீருக்குள் இறங்கி, முறிந்து தொங்கிய கிளையை, தண்ணீரில் விழுந்த வெயில் மறையும்படி நிமிர்த்திப் பிடித்தான். பொன்னம்மா சேலைத் தலைப்பில் ஒரு முழம் கிழித்து அதை மரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.